கரடிச்சோலையின் சிவப்புப் புள்ளி

பையை என்கிட்ட குடு தாயி, மடியில வெச்சுக்கறேன். நீ புள்ளையோட முதல்ல உக்காரு. இந்த டிரைவர் வண்டியை எடுத்துட்டுத்தான் திரும்பியே பார்ப்பான். ஜன்னல் பக்கம் நான் உக்காந்துட்டேன், பரவாயில்லையா? எனக்குக் காத்து வேணும்.

வத்தலக்குண்டா? நான் மதுரை வரைக்கும். கல்யாணம் காட்சி எதுவும் இல்ல. சண்டைக்குப் போறேன். சிரிக்காத, நெசமாத்தான். மதுரையில ஒரு ஓட்டல் மாடியில இன்னைக்கு மீட்டிங் போட்டிருக்காங்க. பெரிய பெரிய ஆளுங்க உக்காந்து என்னையப் பத்திப் பேசப் போறாங்களாம். என்னையப் பத்திப் பேசுற எடத்துல நான் இல்லாம எப்படி? வாங்கன்னு ஒருத்தரும் கூப்பிடல. கூப்பிட்டாத்தான் போகணும்னா நான் பொறந்ததுல இருந்து எங்கயுமே போயிருக்க முடியாது.

இந்தா, கிராம்பு. வாயில அடக்கிக்க. இனிமே வளைவுக்கு வளைவு வயித்தைப் பிரட்டும். மருந்துப் பாட்டில் மாதிரி இருக்கேன்னு பயப்படாத. ஒரு மேடம் குடுத்தாங்க, மூடி எவ்வளவு டைட்டு பாரு, வாசனை துளி வெளிய வராது. எதுக்குக் குடுத்தாங்கன்னு அப்புறம் சொல்றேன். நான் இதுல கிராம்பு போட்டு வெச்சுக்கிட்டேன்.

நம்ம கரடிச்சோலை தெர்மாமீட்டர் கம்பெனி பார்த்திருப்பியே. தகரம் அடிச்சுப் பூட்டிக் கிடக்கே, காட்டுக்குள்ள இறங்குற பாதையில. அங்கதான் எங்க வீட்டுக்காரரு வேலை பார்த்தாரு. வீரணன்னா பழைய ஆளுங்களுக்கெல்லாம் தெரியும். கண்ணாடிக் குழாய்க்குள்ள பாதரசம் ஏத்துற செக்சன். தரையெல்லாம் உருண்டு ஓடுமாம், கையால கூட்டி அள்ளுவாங்களாம். கைக்கு உறையா, மூக்குக்குத் துணியா, ஒரு மண்ணும் கிடையாது. அப்புறம் ஒரு நாள் கம்பெனிக்காரன் பூட்டிட்டுப் போயிட்டான். உடைஞ்ச கண்ணாடி, ரசம் ஒட்டுன மண்ணு, எல்லாத்தையும் பின்னாடி சோலைக்குள்ள கொட்டி, மேல மண்ணைப் போட்டு மூடிட்டுப் போயிட்டான்.

அவருக்கு முதல்ல கை நடுங்குச்சு. டீ டம்ளரைப் பிடிக்க முடியாது, நான்தான் ஊதி ஊதிக் குடுப்பேன். அப்புறம் கிட்னி. அப்புறம் ஆளே இல்ல. கம்பெனிக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? அவரு குடிகாரருன்னான். குடிப்பாரு, இல்லைங்கல. ஊர்ல எவன் குடிக்கல? குடிச்சவனுக்கெல்லாம் அப்படியா கை ஆடுச்சு?

அது இருக்கட்டும். மெஷின் கதைக்கு வர்றேன்.

பாதரசம் ஆவியாகிக் காத்துல கலக்கும் தாயி. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அது காத்துல எங்கெங்க எவ்வளவு இருக்குன்னு உலகம் பூரா மெஷின் வெச்சுப் பார்க்குறாங்க. பனிக்கட்டி தேசத்துல ஒண்ணு, நடுக்கடல்ல தீவுல ஒண்ணு, நம்ம ஊர்ல ஒண்ணு. கம்பெனிக்கு எதிர்மேட்டுல பழைய விறகுக் கொட்டகை இருக்குல்ல, அதுக்குள்ள. மெஷின் காத்தை உறிஞ்சும், நம்பர் போடும். அந்த நம்பர் செல்போன் டவர் ஏறி, எங்கயோ ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குப் போயிரும். அங்க எல்லா ஊரு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருப்பாங்க. ஜப்பான்ல இருக்குறவன் கரடிச்சோலைக் காத்தைப் பார்க்கலாம், யாரையும் கேக்க வேண்டாம். எங்க ஊர்ல கம்பெனி கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு எட்டிப் பார்க்கவே வாட்ச்மேன் விடமாட்டான்.

இரு, போன்ல காட்டுறேன். கீழ போனா சிக்னல் போயிரும். இந்த மேப்பைப் பாரு. எவ்வளவு புள்ளி. பச்சை, பச்சை, பச்சை. அந்தா ஒண்ணு மஞ்சள். இங்க, கீழ, இந்தியாவுக்கு வால் மாதிரி இருக்குற எடத்துல சிவப்பா ஒண்ணு இருக்குல்ல. அது நான்.

பச்சைன்னா நம்பர் சரி. மஞ்சள்னா சந்தேகம். சிவப்புன்னா இந்த நம்பரை யாரும் எடுத்துப் பேசாதீங்கன்னு அர்த்தம். அழிச்சிட மாட்டாங்க, பத்திரமா வெச்சிருப்பாங்க. ஆனா ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான். எங்க மாமியார் வீட்டுல என்னைய வெச்சிருந்த மாதிரி.

பாரு, உம் பொண்ணு என் கழுத்தையே பார்க்குது. மணி பளபளன்னு இருக்குல்லடி தங்கம்? என்ன பேரு? இளவேனியா, நல்ல பேரு.

மெஷினைப் பார்த்துக்க உள்ளூர் ஆளு வேணும்னாங்க. பன்னெண்டாவது படிச்சிருக்கணும், கம்ப்யூட்டர் தெரியணும். நான் ஜெராக்ஸ் கடையில இருந்தவ, தெரியும். விஷத்தைப் பார்க்குற வேலைன்னு மத்தவங்க ஒதுங்கிட்டாங்க. நான் போனேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அவன் மூடிட்டுப் போன எடத்துல இருந்து இன்னும் விஷம் வந்துக்கிட்டுத்தான் இருக்குன்னு அந்த மெஷினே சொல்லணும். வீரணன் பொண்டாட்டி சொன்னா பொலம்புறாம்பாங்க. மெஷின் சொன்னா கேட்டுத்தான ஆகணும்.

எப்பவாவது ஒரு தடவை போயி ஃபில்டர் மாத்தினாப் போதும்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. நான் அப்படியா? தினமும் போவேன். காத்து உறிஞ்சுற குழாய் கொட்டகைக்கு வெளிய, என் உசரத்துக்கு நீட்டிக்கிட்டு இருக்கும். அதோட வாயைத் துணியால துடைச்சு, சிலந்தி கட்டாமப் பார்த்து, பக்கத்துலயே ஒரு கல்லைப் போட்டு உக்காந்துக்குவேன். டீயும் அங்கதான், சோறும் அங்கதான். ஆயுத பூஜைக்குச் சந்தனம், பொட்டு எல்லாம் வெச்சேன். பெத்த புள்ளையா இருந்தாக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டேன்.

நம்பர் எப்படி ஏறுச்சு தெரியுமா? காலையில நான் போயித் துடைச்சுட்டு உக்காந்தா ஏற ஆரம்பிக்கும். மத்தியானம் நான் சோறு திங்குற நேரம் எங்கயோ போயி நிக்கும். சாயங்காலம் பூட்டிட்டுக் கிளம்புனா இறங்கிடும். வெயில் ஏறுனா மண்ணுக்குள்ள இருக்குற ரசம் கிளம்புது, வேற என்ன? எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு. மாட்டுனடா மவனேன்னு கம்பெனிப் பக்கம் பார்த்துச் சத்தமாவே சொன்னேன்.

நடுவுல நாத்தனார் மக கல்யாணத்துக்குப் பெரியகுளம் போயிட்டேன். மெஷினைப் பார்த்துக்கன்னு பக்கத்து எஸ்டேட் ஆளுகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். அவன் கொட்டகைப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கல. போன்ல பார்க்குறேன், நம்பர் எல்லாம் தரையில கிடக்கு. எனக்குப் பந்தியில சாப்பாடே எறங்கல. தாலி கட்டி முடிச்ச கையோட பஸ் ஏறிட்டேன். வந்து துடைச்சு, பக்கத்துல உக்காந்தேன். ஏறிடுச்சு. பார்த்தியா? கவனிக்கிற ஆளு கவனிச்சாத்தான் மெஷினும் வேலை செய்யும்.

அதுக்கப்புறம்தான் என்னைய சிவப்பாக்குனாங்க. அன்னைக்குள்ளது மட்டும் இல்ல. ஆரம்பத்துல இருந்து எல்லாத்தையும்.

சென்னையில ரெஹானா மேடம்னு ஒருத்தங்க. உலக மெஷின்ல நம்ம பக்கத்து நம்பரையெல்லாம் அவங்கதான் பார்த்துக் கலர் போடுறது. சின்ன வயசு, உன்னைவிட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும். போன் போட்டுக் கத்துனேன். எத்தனை பேரு செத்தா உங்களுக்குப் பச்சைன்னு கேட்டேன். அந்தப் புள்ள பதிலுக்குக் கத்தல. "அக்கா, நான் நேர்ல வந்து பார்க்குறேன்"னு மட்டும் சொல்லுச்சு.

சொன்ன மாதிரியே வந்துச்சு. நல்ல மழை, அட்டைக்கடி, எல்லாத்தையும் தாங்கிக்கிட்டு மேடேறி வந்துச்சு. அதுக்கு நான் மதிப்புக் குடுக்குறேன். கையில இன்னொரு சின்ன மெஷின், போலீஸ்காரன் வயர்லெஸ் மாதிரி. கொட்டகைச் சுவரு, தரை, குழாய், நான் உக்கார்ற கல்லு, ஒவ்வொண்ணா மோந்து பார்க்குற மாதிரி காட்டிக்கிட்டே வந்துச்சு. அது பாட்டுக்கு லேசா கீச், கீச்னுது. என்கிட்ட வந்ததும் கத்துச்சு பாரு, கீகீகீகீன்னு. காதைப் பொத்திக்கிட்டேன். தூரப் போனா அடங்குது, கிட்ட வந்தா கத்துது.

"அக்கா, கழுத்துல என்ன?"

"ரசமணி."

"எதுல செஞ்சது?"

"ரசத்துலதான். பேர்லயே இருக்கே."

அந்தப் புள்ள அப்படியே என் கல்லு மேல உக்காந்துடுச்சு.

உனக்குத் தெரியுமா ரசமணி? பாதரசம் தண்ணியா ஓடும்ல, அதை மூலிகைச் சாறு விட்டு அரைச்சு ஓடவிடாமக் கட்டி உருண்டையாக்குறது. எல்லா வைத்தியருக்கும் கைவராது. எனக்கு ரெண்டு தடவை தங்கல தாயி. வயித்துல தங்கி, மூணாம் மாசம் நாலாம் மாசத்துல போயிரும். கம்பெனி ஆளுங்க வீட்டுல நிறையப் பொம்பளைங்களுக்கு அப்படித்தான், மலைக்குளிர்னு சொல்லிக்கிட்டோம். மூணாவது தங்குனப்ப அடிவாரத்து வைத்தியர் ஒருத்தர், ரசமணி கட்டுனா கர்ப்பம் நிக்கும்னாரு. நல்ல ரசம் கொண்டா, கட்டித் தர்றேன்னாரு. எங்க வீட்டுக்காரருக்கு ரசத்துக்கா பஞ்சம்? கம்பெனித் தரையில பொறுக்கி, மருந்துக் குப்பியில போட்டுக் கொண்டுபோயி, இந்த மணியைக் கட்டி வாங்கிட்டு வந்தாரு. வெள்ளிச் சங்கிலி அவரே வாங்குனது. கொக்கியைப் பல்லால கடிச்சு அமுக்குனாரு, கழண்டு விழுந்துடக் கூடாதுன்னு.

அதுவும் தங்கல. அது எங்க நேரம். மணியைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

ரெஹானா மேடம் பொறுமையாத்தான் சொல்லுச்சு. "அக்கா, அது எவ்வளவு கட்டுனாலும் ஆவி வந்துக்கிட்டுத்தான் இருக்கும். நீங்க குழாய்க்குப் பக்கத்துல உக்காரும்போது மெஷின் உங்களைத்தான் உறிஞ்சுது. நீங்க கல்யாணத்துக்குப் போனப்ப வந்த நம்பர் இருக்குல்ல, அதுதான் நிஜம்"னுச்சு. அந்தத் தரையில கிடந்த நம்பரா நிஜம்னு கேட்டேன். அதுல ஒண்ணு இருக்குதாம். கம்பெனிப் பக்கத்துல இருந்து காத்தடிக்கிறப்ப மட்டும் அந்த நம்பர் கொஞ்சம் எந்திரிக்குதாம். காத்து திரும்புனா படுத்துக்குதாம். "அந்தச் சின்ன ஏத்தம்தான் அக்கா நமக்கு வேண்டியது. சோலைக்குள்ள இருந்து இன்னும் வருதுங்கறதுக்கு அதுதான் சாட்சி. உங்க மணிச் சத்தத்துல அது கேக்காமப் போயிருச்சு"ன்னுச்சு.

சாட்சியாம். குண்டூசி உசரத்துக்கு எந்திரிச்சா சாட்சி, மலை மாதிரி நின்னா சாட்சி இல்ல.

அப்புறம் பையில இருந்து இந்தப் பாட்டிலை எடுத்துச்சு. மணியைக் கழட்டி இதுல போட்டு மூடி, வீட்டுக்கு வெளிய எங்கயாவது வெச்சுடுங்க, கொஞ்ச நாள் பார்ப்போம், நம்பர் சரியா வந்தா பச்சை குடுக்குறேன்னுச்சு. "உங்க உடம்புக்காகவும்தான் சொல்றேன் அக்கா. ரத்தம் குடுத்துப் பாருங்க, மூத்திரம் குடுத்துப் பாருங்க"ன்னுச்சு. என் உடம்புக்கு என்ன? இந்தா, கையை நீட்டுறேன் பாரு. ஆடுதா? இது பஸ்ஸு குலுங்குறது.

அந்தப் புள்ளைகிட்ட நான் சொன்னேன். அவரு செத்த அன்னைக்கு எல்லாப் பொம்பளைங்களும் சுத்தி நின்னு, கழட்டு கழட்டுன்னு என் கழுத்துக்குக் கையை நீட்டுனாங்க. தாலியைக் கழட்டுனாங்க, வளையலை உடைச்சாங்க, பூவைப் பிச்சாங்க. எல்லாத்துக்கும் கழுத்தைக் குடுத்தேன். கடைசியா எங்க மாமியார் இந்தச் சங்கிலியில கை வெச்சா. கையைக் கடிச்சுட்டேன். ஆமா தாயி, பொணத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு மாமியார் கையைக் கடிச்சவ நான். ஊரே பேசுச்சு, பேசட்டும். அப்பவே கழட்டாதவ, ஒரு கீச்சு மெஷின் கத்துதுன்னு கழட்டுவேனான்னு கேட்டேன்.

மேடம் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போயிருச்சு. ஆனா கலரை மாத்தல. பாட்டிலையும் திருப்பி வாங்கிக்கல.

இப்ப மதுரையில என்னன்னா, சிவப்பாவே கிடக்குற எடத்துல மெஷின் எதுக்கு, எடுத்துட்டுப் போயி வேற எங்கயாவது வைக்கலாமான்னு முடிவு பண்ணப் போறாங்க. கம்பெனி சார்பா ஒருத்தன் வர்றானாம். அவனுக்கு என்ன, பாருங்க உங்க உலகக் கம்ப்யூட்டரே அந்தப் பொம்பளை நம்பரை நம்பலன்னு சொல்லிட்டுப் போயிருவான். மெஷின் போச்சுன்னா அதோட கதை முடிஞ்சுது. அப்புறம் அந்தச் சோலைப் பக்கம் எவன் திரும்பிப் பார்ப்பான்? நேத்து ரெஹானா மேடம் போன் பண்ணுச்சு. "மணியைக் கழட்டிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா, இன்னும் ஒரு வருஷம் மெஷின் இருக்கட்டும்னு நான் வாதாடுறேன்"னுச்சு. அந்தப் புள்ள எனக்காகத்தான் பேசுது, அது தெரியுது. ஆனா நான் என்ன சொல்லப் போறேன்? மெஷினும் இருக்கணும், மணியும் இருக்கணும், என் புள்ளி பச்சையாகணும். மூணுல ஒண்ணைக்கூட விட மாட்டேன். நான் தப்பே பண்ணல, நான் எதுக்கு விடணும்? கட்டுன ரசம் என்ன பண்ணும்? இத்தனை வருஷம் என் நெஞ்சு மேல கிடக்கு, என்னைய என்ன…

ஏய். ஏய், மணியை விடு. வாயில வைக்காத. விடுன்னா விடு.

ஐயோ, அழாதடி தங்கம். அடிக்கல தாயி, கையைத்தான் பிடிச்சு இழுத்தேன். வாயைத் திற, ஆ காட்டு. உள்ள போகலைல? நாக்குல பட்டுச்சா? நல்லாப் பாரு. நீ பாரு, நான் கை வைக்கல. தண்ணி பாட்டில் இருக்கா? துணியை நனைச்சுக் குடு. கையை விரி கண்ணு. அஞ்சு விரலும். நகத்துக்குள்ளயும் துடைம்மா. அந்தத் துணியை மறுபடி பைக்குள்ள வைக்காத, இப்படிக் குடு.

எதுக்கு என்னைய இப்படிப் பார்க்குற? ஒண்ணும் இல்ல. நல்ல மணிதான். கழுத்து வேர்வை, அழுக்கு, அதான்.

கொஞ்சம் எந்திரி. நீ ஜன்னல் பக்கம் போயிடு. புள்ளைக்குக் காத்து வரட்டும், கண்ணாடியை முழுசாத் தள்ளு. இன்னும் தள்ளு. குளிர்னா பரவாயில்ல, துண்டைப் போர்த்து. நான் இந்த ஓரத்துல இருந்துக்கறேன். பையை நடுவுல வை.

இது ரெண்டாவது புள்ளையா, முதலா? முதலு. சுகமாத்தான் பொறந்துச்சா? நல்லது. நல்லது.

அந்தக் கிராம்புப் பாட்டிலைக் குடு தாயி. உன் கையை நீட்டு, கிராம்பு எல்லாத்தையும் நீயே வெச்சுக்க. இல்ல, எனக்கு வேண்டாம்.

இந்தக் கொக்கி அசைய மாட்டேங்குது. பல்லால கடிச்ச கொக்கில்ல. நீ வராத, நீ தொடாத. நானே எடுத்துக்கறேன். இரு. வந்துருச்சு.

கழட்டிட்டேன்னு நெனைக்காத. மூடி வெச்சிருக்கேன், அது வேற இது வேற. பஸ்ஸு குலுங்குறதுல அறுந்து விழுந்தா யாரு தேடுறது? கழுத்துதான் என்னமோ மாதிரி இருக்கு. சங்கிலி கிடந்த எடம் சில்லுன்னு இருக்கு.

நான் அழல. காத்துல கண்ணு எரியுது.

மதுரையில என்ன சொல்லப் போறேன்னு நெனைக்குற? பச்சை குடுங்கன்னு கையேந்தப் போறேன்னா? இந்தப் பாட்டிலை அவங்க மேசைக்கு நடுவுல வைப்பேன். ரெஹானா மேடத்தை அந்தக் கீச்சு மெஷினை எடுக்கச் சொல்வேன். மூடியைத் திறப்பேன். கத்தட்டும். கம்பெனிக்காரன் காதுல நல்லா விழுற வரைக்கும் கத்தட்டும். அப்புறம் அவனைக் கேப்பேன். ஏய்யா, இது உன் கம்பெனித் தரையில என் புருஷன் பொறுக்குனது. சுண்டைக்காய் அளவுகூட இல்ல. இதுக்கே உலகக் கம்ப்யூட்டர் சிவப்பாப் போச்சாம். நீ சோலைக்குள்ள வண்டி வண்டியா மூடி வெச்சியே, அதுக்கு என்ன கலர்னு கேப்பேன். அவன் பதில் சொல்லட்டும். சொல்லிட்டு அந்த மெஷின்ல கை வைக்கட்டும் பார்ப்போம்.

கல்லை வேணா எடுத்துடறேன். குழாய்க்குப் பக்கத்துல நான் உக்கார மாட்டேன், தள்ளியே இருந்துக்கறேன். சின்ன நம்பர் எந்திரிக்குதோ, பெரிய நம்பர் எந்திரிக்குதோ, அவன் பக்கத்துல இருந்து எந்திரிச்சாச் சரி.

வத்தலக்குண்டு வந்துருச்சு. பார்த்து இறங்கு. பை இந்தா. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாப் புள்ள கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. மறந்துடாத. எதுக்குன்னு கேக்காத தாயி, சோப்புப் போட்டுக் கழுவு.